ஏசாயா அறுபத்தேழு

கம்பளை,
06.04.2025, ஞாயிறு

அன்புள்ள தர்ஷிகா டீச்சருக்கு,

ஸ்தோத்திரம். நல்லம்மா எழுதுகிறேன். கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதீர்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் மூன்று தரம் எடுத்துப் பார்த்தேன். மூன்று தரமும் பஸ் சத்தமும், "அக்கா, பொறகு எடுக்கிறேன்" என்ற உங்கள் குரலும்தான் கேட்டன. உங்கள் பாடு எனக்குத் தெரியாதா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் ஸ்கொலர்ஷிப் பரீட்சை, பின்னேரம் டியூஷன், வீட்டில் இரண்டு பிள்ளைகள், சபையில் மகளிர் சங்கம். கோபமில்லை. எனக்கும் இங்கே சிக்னல் வேண்டுமென்றால் கோயில் வளைவு வரை ஏற வேண்டும். வாட்ஸ்அப் போனை மகள் துஷானிக்குக் கொடுத்துவிட்டேன். நர்சிங் ஹொஸ்டலில் அவளுக்கு அது இல்லாமல் முடியாதாம். என் கையில் இருப்பது பட்டன் போன். அதனால்தான் பேனா.

என் வீட்டுக்காரர் போய் வருகிற மே பதினேழோடு ஒரு வருடம். கண்டியில் அந்த அறையில் தனியாக இருக்க மனமில்லாமல் அவருடைய தம்பி இருக்கிற தேயிலைத் தோட்டத்துக்கே வந்துவிட்டேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போன பிறகு கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை. பதினொரு பிள்ளைகள். ஒன்று தூங்கினால் இன்னொன்று எழும்பும்.

உங்களுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். இங்கே தோட்டத்தில் இருக்கிற அவருடைய கல்லறைக்குக் கல் வைத்தேன். அதில் நீங்கள் போன வருடம் ஜூன் பதினோராம் தேதி காலையில் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிய வசனத்தைத்தான் போட்டிருக்கிறேன். "நீ ஒருத்திக்காக உலை வைக்கும் நாளிலும் உன் வீட்டில் நான் இரண்டாவதாக இருப்பேன் என்று கர்த்தர் சொல்லுகிறார். ஏசாயா 67:3." அவரை அடக்கம் பண்ணி இருபத்தைந்தாம் நாள் அது வந்தது. அடுப்படியில் நின்று வாசித்தேன். வேறு யாருக்கோ சொன்னதாக எனக்குப் படவில்லை டீச்சர். கம்பளையில் கல் வெட்டுகிற பளீல் நானா எழுத்துக்கு எழுத்து நான் எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்.

இப்போது விஷயம். அவருடைய தம்பி ஜனார்த்தனனை உங்களுக்குத் தெரியும். மாரியம்மன் கோயில் காரியமெல்லாம் பார்க்கிறவர். அண்ணனைக் கிறிஸ்தவ முறையில் அடக்கினது அவருக்கு மனவருத்தம்தான், ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. போன கிழமை கல்லைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், "அண்ணி, அந்த வரி நல்லாருக்கு. ஆனா ஒத்த வரிய வச்சுக்கிட்டு என்னா வெளங்கும்? வருசத்தன்னிக்கு அதுக்கு முன்ன பின்ன உள்ளதெல்லாம் வாசிச்சுக் காட்டுங்க. எங்காளுகளும் வந்து கேக்கட்டும்." எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

வேதாகமத்தை எடுத்துப் பார்த்தால் ஏசாயா அறுபத்தாறோடு நின்றுவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் எரேமியா. என் வீட்டுக்காரர் கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கின புத்தகம், பூச்சி அரித்தது. எந்தக் காலத்தில் அந்தத் தாள் விழுந்ததோ. ஒரு வருடமாக அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேனே தவிர, முழு அதிகாரத்தையும் எடுத்து வாசிக்கத் தோன்றவில்லை. அதுவே வெட்கமாக இருக்கிறது.

அறுபத்தேழாம் அதிகாரத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புவீர்களா? நாலு மணிக்கே எழும்பி வாசிக்கிறவர் நீங்கள். உங்களுக்கு ஒரு அதிகாரம் பெரிய வேலையாக இருக்காது. பதினேழுக்கு முன் கிடைத்தால் போதும், நான் வாசித்துப் பழக வேண்டும்.

நல்லம்மா

*

கட்டுகஸ்தோட்டை,
15.04.2025

அன்பின் நல்லம்மா அக்கா,

கடிதம் கிடைத்தது. உங்களைப் போனில் பிடிக்க முடியாமல் போனதற்கு மன்னியுங்கள். தவணை முடிவுப் பரீட்சைத் தாள், அதற்கு மேல் சித்திரைப் பெருநாள் லீவு, பிள்ளைகள் இரண்டும் வீட்டில். மே நாலாம் தேதி மகளிர் ஞாயிறு. பாஸ்டர் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார். தலைப்பு, "வேலை நிறைந்த வாழ்வில் அனுதின வேத வாசிப்புக்கு நேரம் ஒதுக்குவது எப்படி." அந்தத் தயாரிப்பு வேறு.

கல் வைத்ததைக் கேட்டுச் சந்தோசம்.

அக்கா, அந்த அதிகாரத்தைப் பற்றி: பதிப்புக்குப் பதிப்பு அதிகாரங்களின் இலக்கம் கொஞ்சம் மாறி வரும். உங்கள் புத்தகம் பழைய பதிப்பு, அதனால்தான் அப்படி. நீங்கள் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு யோசனை சொல்கிறேன். வருடத் தினத்தில் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசியுங்கள். மேய்ப்பனைப் பற்றியது. எல்லாருக்கும் விளங்கும், சின்னதும்கூட. துக்க வீட்டுக்கு அதுதான் பொருத்தம்.

அவசரத்தில் எழுதுகிறேன். துஷானியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தர்ஷிகா

*

கம்பளை,
22.04.2025

அன்புள்ள தர்ஷிகா டீச்சருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இவ்வளவு வேலைக்கு நடுவில் எழுதினதற்கு நன்றி.

மேய்ப்பன் சங்கீதம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஜனார்த்தனன் அதைக் கேட்கவில்லையே, கல்லில் இருப்பதை அல்லவா கேட்கிறார். அதனால் பெரிய வெள்ளிக்குத் தோட்டத்தின் கீழ் டிவிஷன் சபைக்குப் போனபோது உபதேசியாருடைய வேதாகமத்தை வாங்கிப் பார்த்தேன். புத்தம் புதியது. அதிலும் அறுபத்தாறோடு முடிகிறது. "ஐயா, பதிப்புக்குப் பதிப்பு மாறுமா?" என்று கேட்டேன். "யாரும்மா அப்பிடிச் சொன்னது?" என்று சிரித்தார். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. "நாந்தான் எங்கயோ தப்பாக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்ததில் விளங்கிவிட்டது டீச்சர். தப்பு என்னுடையது. நீங்கள் வேறு இலக்கம்தான் அனுப்பியிருப்பீர்கள். அழுத கண்ணோடு பார்த்து எழுதினதில் நான் மாற்றி எழுதியிருக்கிறேன். பளீல் நானாவிடம் போய்க் கேட்டேன். பாவம், அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தார். என் கையெழுத்தில்தான் 67:3 என்று இருக்கிறது. எனக்கு நிலத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டியதாயிற்று. கட்டின புருஷனுடைய கல்லில் கடவுளுடைய வார்த்தைக்குத் தப்பான இலக்கம் போட்டு வைத்திருக்கிறேனே, எட்டாம் வகுப்பு வரை படித்து என்ன பிரயோசனம்!

துஷானியைப் பழைய மெசேஜைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சரியான இலக்கத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பதினேழுக்கு முன் திருத்தி வெட்டிவிடலாம் என்று நானா சொல்கிறார். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

நல்லம்மா

*

கட்டுகஸ்தோட்டை,
27.04.2025, ஞாயிறு

அக்கா,

துஷானி தேடிப் பார்ப்பதற்கு முன் நானே சொல்ல வேண்டும். இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

ஏசாயாவுக்கு அறுபத்தேழாம் அதிகாரம் இல்லை. எந்தப் பதிப்பிலும் இல்லை. இலக்கம் மாறும் என்று நான் எழுதியது பொய். உங்கள் புத்தகத்தில் தாள் விழவில்லை. நீங்கள் மாற்றி எழுதவும் இல்லை. நான் அனுப்பியதைத்தான் நீங்கள் எழுதினீர்கள். அந்த வசனமே வேதாகமத்தில் கிடையாது.

அன்று காலை நான் எழுந்தது ஐந்தரைக்கு. நாலு மணிக்கு எழும்புகிறேன் என்பது ஒரு தரம் பாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னது. நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்து இருந்து அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. சோறு வடித்து, பிள்ளைகளின் காலில் சப்பாத்து மாட்டி, வீட்டுக்காரர் ரமேஸுக்குச் சாப்பாடு கட்டி, ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினேன். மற்ற நாட்களில் சுவரில் மாட்டியிருக்கிற சபைக் காலண்டரில் அன்றைய வசனத்தைப் பார்த்துப் போட்டு, கீழே இரண்டு வரி சொந்தமாக எழுதி அனுப்புவேன். அதுதான் என் வேத வாசிப்பு. அன்று காலண்டரைப் பார்க்கவும் நேரமில்லை.

பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. மணி ஆறு நாற்பது. ஆறு நாற்பதுக்கு வசனம் வராவிட்டால் "டீச்சர், சுகமில்லையா?" என்று கேட்கத் தொடங்குவார்கள். எங்கேயோ வாசித்த மாதிரி ஒரு வரி மனதில் வந்தது. தட்டினேன். கடைசியில் "என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று சேர்த்தேன். ஆறுதல் வசனமென்றால் ஏசாயாவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இலக்கம் வேண்டுமே? பஸ்ஸுக்கு முன்னால் நின்ற லொறியின் இலக்கத் தகட்டில் 6703 என்று இருந்தது.

வேதாகமம் அதே போனில்தான் இருக்கிறது. இரண்டு தரம் தட்டினால் திறக்கும். நான் தட்டவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முப்பத்தொரு ஆமென். நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குழுவில் ஒருவராவது புத்தகத்தைத் திறந்து, "இது எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. மத்தியானம் வரை போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பின்னேரம் மறந்துவிட்டேன். படிக்காத பாடத்தைப் படித்தேன் என்று சொல்கிற பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கிறவள் நான்.

தலதா மாளிகையில் புத்தருடைய பல்லைத் தரிசிக்கச் சனம் திரண்டு வந்ததில் பத்து நாளாக டவுனுக்குள் போக முடியவில்லை. பாடசாலையும் இல்லை, டியூஷனும் இல்லை. நேரம் இல்லை என்று சொல்லவே முடியாத பத்து நாள். உங்கள் முதல் கடிதம் அலுமாரிக்குள் இருந்தது. அப்போதும் நான் வேதாகமத்தைத் திறக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

தர்ஷிகா

*

கம்பளை,
01.05.2025

தர்ஷிகா டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. அதே நாள் துஷானியும் போன் எடுத்து, "அம்மா, நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க, 67:3தான்" என்றாள். அவளுக்கு ஒரே சந்தோசம், அம்மா தப்புச் செய்யவில்லை என்று. "சரிம்மா" என்று வைத்துவிட்டேன்.

ஒரு வருடம் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது அந்த வரியைச் சொன்னேன். சில நாள் சத்தமாகவே சொல்வேன். பக்கத்து லயத்து வீட்டுப் பொம்பிளைகள் "என்னா அண்ணி, தனியாப் பேசுறீங்க?" என்று கேட்டால், "தனியா இல்ல, கடவுள் சொன்னதத்தான் சொல்றேன்" என்று பெருமையாகச் சொல்வேன். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் பஸ்ஸில் நின்றிருக்கிறீர்கள்.

அந்த வரியால்தான் நான் வேதாகமத்தைத் தினம் கையில் எடுக்கத் தொடங்கினேன். பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் தூங்குகிற நேரம் கால் மணித்தியாலம் கிடைக்கும். அந்தக் கால் மணியில் ஆதியாகமத்திலிருந்து வாசித்து இப்போது ராஜாக்களில் நிற்கிறேன். ஏசாயா எனக்கு இன்னும் வரவில்லை. வரிசையாகப் போனால் ஒருநாள் வரும், அதுவரை பொறுத்திருக்கலாம் என்று இருந்துவிட்டேன். ஜனார்த்தனன் கேட்டிருக்காவிட்டால் அங்கே வந்துதான் முட்டியிருப்பேன்.

உபதேசியாரிடம் உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன். இனிச் சொல்ல மாட்டேன். பதினேழாம் தேதி சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அவருடைய சொந்தமெல்லாம் கல்லடியில் நிற்கும். வந்து நீங்களே சொல்லுங்கள். ஜனார்த்தனன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நல்லம்மா

*

கட்டுகஸ்தோட்டை,
05.05.2025

அக்கா,

நேற்று மகளிர் ஞாயிறு. மேடை ஏறும்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஏறினேன். உங்கள் கடிதம் கைப்பையில் இருந்தது. ஏறினபிறகு தயாரித்து வைத்ததையே பேசினேன். பத்து நிமிடம் போதும் என்றேன். அடுப்பங்கரையில் ஒரு வேதாகமத்தைத் திறந்து வையுங்கள் என்றேன். போனை எடுப்பதற்கு முன் புத்தகத்தை எடுங்கள் என்றேன். நாற்பது நிமிடம் பேசினேன் அக்கா. முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். இறங்கி வந்தபோது கைதட்டினார்கள். ரமேஸ்கூட, "இன்னைக்கி நல்லாப் பேசின" என்றார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னைப் போல ஒரு வேஷக்காரியை நானே பார்த்ததில்லை.

பதினேழாம் தேதி எனக்கு ஸ்கொலர்ஷிப் பிள்ளைகளுக்குக் கருத்தரங்கு இருக்கிறது. அதை எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டாமல் விடுகிறேன், நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியட்டும். வருகிறேன்.

போன கடிதத்திலும் ஒரு பொய் இருக்கிறது. எங்கேயோ வாசித்த மாதிரி அந்த வரி வந்தது என்று எழுதினேன். எங்கேயும் வாசிக்கவில்லை. அடக்கம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு உங்கள் அறைக்கு வந்தேனே, ஞாபகமா? எனக்கும் சேர்த்துச் சமைக்கப் போகிறீர்கள் என்று நினைத்து, நான் உடனே போக வேண்டும் என்றேன். நீங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி அளந்தீர்கள். அளந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்தபடி நின்றீர்கள். பிறகு பாதியைத் திரும்பப் பெட்டியில் கொட்டினீர்கள். அந்தச் சத்தம் பாலத்தில் பஸ் நின்றபோது எனக்குக் கேட்டது. அதிலிருந்துதான் எழுதினேன்.

என் பெயரில் அனுப்பியிருந்தால் யார் ஆமென் போடுவார்கள்?

தர்ஷிகா

*

கம்பளை,
18.05.2025, ஞாயிறு

தர்ஷிகா,

இனி டீச்சர் என்று எழுத வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன், வயதில் மூத்தவள்.

பத்தரை வரை பார்த்தோம். நீ வரவில்லை. ஜனார்த்தனன், "அண்ணி, வாசிங்க" என்றார். இருபது பேர் நிற்கிறார்கள். என் கையில் வேதாகமம், வாசிக்க ஒன்றுமில்லை. சொல்லிவிட்டேன். இந்த வரி வேதத்தில் இல்லை, எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை எழுதி அனுப்பியது, நான் பார்க்காமல் கல்லில் போட்டுவிட்டேன் என்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு கிழவி மட்டும் "அப்ப யாரு சொன்னது?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஜனார்த்தனன் குனிந்து கல்லில் அந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு, "சாமி சொல்லாட்டி என்னா, ஒரு மனுசி ஒங்கள நெனச்சுச் சொல்லியிருக்கில்ல அண்ணி. அது இருக்கட்டும். கர்த்தர் சொன்னாருங்கிறதையும் நம்பரையும் மட்டும் மூடிருவோம்" என்றார். ஓடிப்போய் சீமெந்து குழைத்துக்கொண்டு வந்து அவரே பூசினார். இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று இருந்தது. ஆனாலும் என் சாமியின் புத்தகத்தை நான் திறந்து பார்க்கவில்லை என்பதை வேற்றுச் சாமி கும்பிடுகிறவர் முன்னால் சொல்ல வேண்டி வந்ததே, அது போகவில்லை.

நீ பன்னிரண்டு மணிக்கு வந்தாய். நான் பார்த்தேன். மேலே கோயில் வளைவில் நின்றுகொண்டிருந்தேன். நீ கல்லடியில் குனிந்து ஈரச் சீமெந்தைத் தொட்டாய். முந்தானையால் முகத்தைத் துடைத்தாய். எவ்வளவு நேரம் நின்றாய் என்றும் தெரியும். நான் இறங்கி வரவில்லை. கூப்பிடுகிற தூரம்தான். கூப்பிடவில்லை. பஸ்ஸுக்கு நீ நடந்து போகிற வரைக்கும் ஒளிந்து நின்று பார்த்தேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். அதை நினைத்து இன்று சபையில் எனக்குப் பாட்டு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். அரிசியைக் கொட்டினதை நீ பார்த்தாய். அதை அப்படியே எழுதியிருக்கலாமே. "அக்கா, நீங்க பாதிய திருப்பிக் கொட்டினத பாத்தேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் போதுமே எனக்கு. அதற்கு எதற்குக் கர்த்தருடைய பெயர்?

கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணாதே. நான் உன்னிடம் ஒரு அதிகாரம் கேட்டேன். அது இல்லை. இருக்கிற அறுபத்தாறையும் எழுதி அனுப்பு. உன் கையால், பெரிய எழுத்தில், கிழமைக்கு ஒன்று. நாலு மணிக் கதை வேண்டாம். வாசித்த நாளை எழுது, வாசிக்காத நாளையும் எழுது.

நல்லம்மா

*

கட்டுகஸ்தோட்டை,
25.05.2025, ஞாயிறு

அக்கா,

கம்பி ஒன்று உடைந்த கறுப்புக் குடை. வளைவில் நின்றது நீங்கள்தான் என்று எனக்கும் தெரியும். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பஸ் பிந்தவில்லை அக்கா. கம்பளை ஸ்டாண்டில் இரண்டு மணித்தியாலம் நின்று மூன்று பஸ்ஸை விட்டேன்.

உங்களைச் சொல்ல விட்டுவிட்டேன். அதனால் மறுநாள் குழுவில் எழுதினேன். ஆறு நாற்பதுக்கே. வசனத்தை, லொறியை, காலண்டரை, நாலு மணியை, எல்லாவற்றையும். ஒரு பக்க நீளம். ஒரு நிமிடத்துக்குள் முதல் பதில் வந்தது. "ஆமென் சிஸ்டர்", இரண்டு கும்பிட்ட கை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாசிக்கத் தொடங்கினார்கள் போல. ஒன்பது பேர் குழுவை விட்டுப் போனார்கள். பாஸ்டர் சங்கப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். நியாயம்தான். வாசலில் கண்டால் சிலர் வேறு பக்கம் பார்க்கிறார்கள். ரமேஸ் மட்டும், "காலண்டரப் பாத்துத்தான் அனுப்புறன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நானும் வாசிக்கிறதில்லையே" என்றார்.

முதலாம் அதிகாரம் இத்துடன் இருக்கிறது. பாடசாலைக்கு ஏழு பத்துக்குப் போய்விடுவேன், மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும். இவ்வளவு காலமும் அந்த இருபது நிமிடத்தில் மற்ற டீச்சர்மாரோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பத்தொரு வசனத்துக்கு நான்கு நாள் எடுத்தது. செவ்வாய் எழுதவில்லை, சும்மாதான் எழுதவில்லை. பார்த்து எழுதும்போது வாசிக்காமல் தப்பிக்க முடியவில்லை அக்கா. முதலாம் அதிகாரத்திலேயே என்னைப் பற்றி இருக்கிறது. எந்த இடம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தர்ஷிகா

*

கட்டுகஸ்தோட்டை,
22.06.2025, ஞாயிறு

அக்கா,

ஐந்தாம் அதிகாரம். திங்கள் வாசித்தேன். செவ்வாய், புதன் இல்லை. சின்னவனுக்குக் காய்ச்சல் என்று எழுதலாம், காய்ச்சல் திங்களே விட்டுவிட்டது. வியாழன், வெள்ளி எழுதினேன். இன்று ஆராதனைக்கு முன் முடித்தேன். கடைசிப் பக்கம் அவசரத்தில் கோணலாக இருக்கும்.

நான்கு கடிதம் போட்டுவிட்டேன், உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதில் வேண்டுமென்று கேட்க எனக்கு உரிமையில்லை. கிடைக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

தர்ஷிகா

*

கம்பளை,
28.06.2025

தங்கச்சி,

ஐந்தும் கிடைத்தன. தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறித்தான் என்னிடம் வருகின்றன. பதில் போடாதது வேண்டுமென்றுதான். எத்தனை கிழமைக்கு அனுப்புவாய் என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

கல்லைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சீமெந்து காய்ந்துவிட்டது. மேலே நீ எழுதின வரி அப்படியே இருக்கிறது. சீமெந்து இருக்கிற இடத்தில் வேறு ஏதாவது வெட்டட்டுமா என்று பளீல் நானா கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். அறுபத்தாறும் முடியட்டும், பிறகு பார்ப்போம்.

உலை வைக்கும்போது இப்போது அந்த வரியைச் சொல்வதில்லை. சில நாள் வாய் தானாகத் தொடங்கிவிடும், பாதியில் நிறுத்திவிடுவேன்.

பிள்ளைகள் தூங்கினதும் உன் தாளையும் என் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து வாசிக்கிறேன். ராஜாக்களை அப்படியே விட்டுவிட்டு உன்னோடு வந்துவிட்டேன். இலக்கம் விஷயத்தில் உன்னை நம்புவதில்லை என்று முடிவு செய்திருப்பதால் ஒவ்வொரு அதிகாரத்தையும் எண்ணுகிறேன். முதல் நாலும் சரி. ஐந்தில் முப்பது வசனம் இருக்க வேண்டும். நீ ஒன்று, இரண்டு என்று அழகாக இலக்கம் போட்டு இருபத்தொன்பதில் முடித்திருக்கிறாய். மூன்று தரம் எண்ணிவிட்டேன்.

விட்டது இருபத்தோராம் வசனம். சின்ன வசனம்தான், தங்கள் பார்வைக்குத் தாங்களே ஞானிகளாக இருக்கிறவர்களுக்கு ஐயோ என்பது. அவசரத்தில் கண் தாவினதா, கை தாவினதா என்று கேட்க மாட்டேன். வாசித்துப் பார்த்தேன், நீயும் நானும் விட்டுவிட்டுப் போகக்கூடிய வசனமில்லை அது.

எழுதி அனுப்பு. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நல்லம்மா அக்கா